தோலுரிச்ச மனுஷனும் தூசி படிஞ்ச ஹெர்குலிஸும்

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது ரெண்டுதான். ஒண்ணு ஃபால்ஸ் சீலிங், இன்னொண்ணு வருஷா வருஷம் சதுர்த்திக்கு முன்னாடி தண்ணில கரைக்காதீங்கன்னு அறிவிப்பு வர்ற பிஓபி பிள்ளையார். அதனாலதானோ என்னவோ பிளாஸ்டர்ல ஒரு சிலையைப் பாத்தா "ஓ, டூப்ளிகேட்டா"ன்னு ஒரு பார்வை பாத்துட்டு நகந்துடறோம். வெள்ளைக்காரங்களும் அதையேதான் பண்றாங்க, நம்மள மட்டும் சொல்லிக் குத்தமில்ல. லண்டன் பிக்காடில்லில இருக்கிற ராயல் அகாடமிங்கிற கலை நிறுவனத்துக்கு சம்மர் எக்ஸிபிஷன் பாக்க காசு குடுத்து கூட்டம் கூட்டமா வர்றாங்க, அதே கட்டிடத்துல காசே வாங்காம காட்டுற பழைய பிளாஸ்டர் வார்ப்புங்களை டாய்லெட்டுக்கு வழி தேடுற அவசரத்துல கடந்து போயிடறாங்க.

எனக்கு என்னமோ அந்த வெள்ளைச் சிலைங்கதான் அங்க இருக்கிறதுலயே ரொம்பப் பிடிச்ச விஷயம். பிடிச்சதுன்னு சொல்றதா, மனசை விட்டுப் போகாததுன்னு சொல்றதா தெரியல, ஏன்னா அதுல ரெண்டு சாதாரண சிலை இல்ல. அந்தக் கதைக்கு அப்புறம் வரேன்.

ராயல் அகாடமி 1768ல மூணாம் ஜார்ஜ் ராஜா கையெழுத்து போட்டு ஆரம்பிச்சது, முதல் தலைவர் ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ். அடுத்த வருஷமே ஸ்கூலும் ஆரம்பிச்சிட்டாங்க, பீஸ் கிடையாது, இன்னிக்கு வரைக்கும் கிடையாதுங்கிறது ஆச்சரியமான விஷயம், மூணு வருஷக் கோர்ஸ், செலக்ட் ஆனா போதும். ஆனா அந்தக் காலத்துல உள்ள போன உடனே பிரஷ்ஷை எடுத்து ஆயில்ல இழுக்கலாம்னு கனவு காண முடியாது. முதல்ல பிளாஸ்டர் அகாடமி. ஒரு ஹால் நிறைய கிரேக்க, ரோமானிய சிலைங்களோட வார்ப்பு நிக்கும், அப்பல்லோ, ஹெர்குலிஸ், கையும் தலையும் இல்லாத பெல்வெடெரே டார்ஸோ, அதுங்க முன்னாடி உக்காந்து சாக்பீஸ்ல வரையணும். மாசக்கணக்குல, வருஷக்கணக்குல. அதுல கை படிஞ்ச அப்புறம்தான் உயிருள்ள மாடலை வரையற கிளாஸுக்கு அனுப்புவாங்க.

டர்னர் 1789 டிசம்பர்ல சேந்தாரு, அப்ப அவருக்கு 14 வயசு, கோவன்ட் கார்டன்ல முடி வெட்டுற கடைக்காரர் பையன். லைஃப் கிளாஸுக்குள்ள அவர் கால் வெச்சது 1792ல. நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல பிளாஸ்டர்தான். புயலும் புகையும் கடலுமா வரைஞ்சு கலக்கின மனுஷன் ஆரம்பத்துல உக்காந்து டார்ஸோவோட வயித்து மடிப்புக்கு ஷேடிங் போட்டுட்டு இருந்திருக்காரு, அந்த டிராயிங்குங்க சிலது இன்னும் இருக்கு. வில்லியம் பிளேக்கும் 1779ல அதே ஸ்கூல்ல சேந்தவர்தான். அவருக்கு ரெனால்ட்ஸ்னாலே ஆகாதுங்கிறது தனிக் கதை.

ஏன் பிளாஸ்டர்? காரணம் ரொம்ப சிம்பிள். அது அசையாது, கூலி கேக்காது, குளிருதுன்னு புலம்பாது. வெள்ளையா மினுமினுப்பே இல்லாம இருக்கிறதால வெளிச்சம் எங்க விழுது நிழல் எங்க ஆரம்பிக்குதுங்கிறது கண்ணுக்குப் பளிச்சுனு தெரியும். மார்பிள்ல வெளிச்சம் கொஞ்சம் உள்ள எறங்கி விளிம்பு மங்கிடும், வெண்கலம்னா பளபளப்பு கண்ணைக் குத்தும். வரையக் கத்துக்கிறவனுக்கு பிளாஸ்டர்தான் வசதி.

இதுல பொண்ணுங்க கதை ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம நகர முடியாது. அகாடமிய ஆரம்பிச்ச உறுப்பினர்கள்ல ரெண்டு பேர் பெண்கள், ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். ஆனா ஸோஃபனி வரைஞ்ச ஒரு ஃபேமஸான குரூப் ஓவியம் இருக்கு, உறுப்பினர்கள் எல்லாம் லைஃப் ரூம்ல கூடி நிக்கிற மாதிரி, சுத்தி பிளாஸ்டர் வார்ப்புங்க, நடுவுல நிர்வாண ஆண் மாடல். மாடல் அம்மணமா இருக்கிறதால அந்த ரெண்டு அம்மாவும் அந்த ரூம்ல இருக்கக் கூடாதாம். அதுக்கு என்ன பண்ணாருன்னா ரெண்டு பேரையும் சுவத்துல மாட்டின போர்ட்ரெய்ட்டா வரைஞ்சு வெச்சிட்டாரு! உறுப்பினர்தான், ஆனா சுவத்துல.

அப்புறம் 1860 வரைக்கும் ஸ்கூல்ல ஒரு பெண்ணையும் சேக்கல. லாரா ஹெர்ஃபோர்டுங்கிறவங்க முழுப்பேரைப் போடாம இனிஷியலோட தன்னோட டிராயிங்கை அனுப்பிட்டாங்க, அகாடமி ஆம்பளைன்னு நினைச்சு சீட் குடுத்திடுச்சு, அப்புறம் பாத்தா பெண்களைச் சேக்கக் கூடாதுன்னு ரூல்ஸ்ல எங்கயுமே எழுதல, வேற வழியில்லாம உள்ள விட்டாங்க. ஆனா லைஃப் கிளாஸ் மட்டும் கிடையாது. அதுக்கு இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல, 1893 வரைக்கும் காத்திருக்கணும். அதுவும் எப்படின்னா, ஆண் மாடல் முதல்ல ஒரு குளியல் டிராயர் போட்டுக்கணும், அதுக்கு மேல 9 அடி நீளம் 3 அடி அகலத்துல ஒரு துணிய இடுப்புல சுத்தி, கால் நடுவுல விட்டு, மேல சொருகி, அதுவும் அவுந்திடக் கூடாதுன்னு ஒரு தோல் பெல்ட்டால இறுக்கணும்னு ரூலே போட்டாங்க. நம்ம ஊரு பாஷைல சொன்னா மாடல் தார்ப்பாய்ச்சிக் கட்டிட்டு வந்து நிக்கணும், அவ்வளவுதான் மேட்டர், அதை ஒரு அகாடமி உக்காந்து அளவு எல்லாம் போட்டு எழுதியிருக்கு. ஆக அந்த முப்பது சொச்ச வருஷம் அங்க படிச்ச பெண்களுக்கு ஆம்பளை உடம்புங்கிறது பிளாஸ்டர்தான். அவங்க கத்துக்கிட்ட தோள்பட்டை, முதுகு, கணுக்கால் எல்லாமே அந்த காரிடார்ல நிக்கிற வெள்ளை ஆளுங்ககிட்ட இருந்து வந்தது.

காரிடார்னு சொன்னேன்ல, அகாடமி இப்ப இருக்கிற பர்லிங்டன் ஹவுஸுக்கு 1860கள் கடைசில குடி வந்தப்போ ஸ்கூலை அடித்தளத்துல வெச்சாங்க, அங்கதான் வளைவு வளைவா கூரை போட்ட நீளமான காஸ்ட் காரிடார். ரொம்ப காலம் ஸ்டூடன்ட்ஸ் தவிர யாரும் அந்தப் பக்கம் போனதில்ல. 2018ல 250வது வருஷத்துக்காக டேவிட் சிப்பர்ஃபீல்டுங்கிற ஆர்க்கிடெக்ட்டை வெச்சு முன் கட்டிடத்தையும் பின்னாடி இருக்கிற கட்டிடத்தையும் சேத்து ஒரு வழி போட்டாங்க, அது இந்த அடித்தளம் வழியாத்தான் போகுது.

நான் போனப்போ கூட வந்தவர் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரில சிற்பம் படிச்ச அண்ணன் ஒருத்தர். இப்ப இங்க வேற வேலை பாக்கிறாரு, ஆனா சிலைன்னு ஒண்ணைக் கண்டா போதும், முன்பக்கம் பாக்க மாட்டாரு, நேரா பின்னாடி போய் குனிஞ்சுடுவாரு. எல்லாரும் முகத்தைப் பாக்கிறாங்க, இவரு ஹெர்குலிஸோட கெண்டைக்கால் கிட்ட மூஞ்சிய வெச்சிட்டு, "தம்பி, இங்க வா, இந்தக் கோட்டைப் பாரு"ன்னாரு. பாத்தா கெண்டைச் சதைக்குக் குறுக்க நூல் மாதிரி ஒரு மேடு ஓடுது, அது போய் இன்னொரு கோட்டுல முட்டி, அது தொடையைச் சுத்தி மேல ஏறுது. கண்ணு பழகின அப்புறம் உடம்பு முழுக்க அந்தக் கோடுங்கதான் தெரியுது, வயல் வரப்பு கணக்கா.

அது பீஸ் மோல்டோட ஜாயின்ட். ஒரு சிலைய அப்படியே பிளாஸ்டர்ல முக்கி அச்சு எடுத்திட முடியாது, அக்குளு, தாடைக்கு கீழ, விரல் இடுக்குன்னு உள்வாங்கின இடத்துல எல்லாம் அச்சு மாட்டிக்கும், இழுத்தா ஒண்ணு அச்சு உடையும் இல்ல சிலை உடையும். அதனால மூலச் சிலை மேல சோப்போ எண்ணெயோ தடவி, சின்னச் சின்ன துண்டா அச்சு எடுப்பாங்க, ஒவ்வொரு துண்டும் தனியா நேரா வெளிய வர்ற மாதிரி. எல்லாத்தையும் சேத்துப் பிடிக்க வெளிய ஒரு பெரிய கூடு. அப்புறம் துண்டையெல்லாம் கூட்டுக்குள்ள அடுக்கிக் கட்டி உள்ள பிளாஸ்டரை ஊத்தணும். லாவோகோன் மாதிரி மூணு உடம்பும் அதைச் சுத்தி பாம்பும் இருக்கிற சிலைக்கு எத்தனை துண்டு வேணும்னு யோசிச்சுப் பாருங்க. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல இருக்கிற மயிரிழை சந்துல பிளாஸ்டர் போய் உறையறதுதான் அந்த மேடு. ஃபினிஷிங்ல அதைச் சுரண்டி எடுத்திடலாம், ஆனா சில இடத்துல சுரண்டாமலே விட்டுடுவாங்க, ஏன்னா கோடு இருக்குன்னா யாரும் தேய்ச்சு உருவத்தைக் கெடுக்கல, அச்சுல வந்தது அப்படியே இருக்குன்னு அர்த்தம்.

பிளாஸ்டருக்கு இதுல ஒரு குணம் கை குடுக்குது. ஜிப்சம் கல்லை சுமார் 150 டிகிரில சுட்டா அதுல இருக்கிற தண்ணில முக்கால்வாசி போயிடும், அந்தப் பொடில மறுபடி தண்ணி ஊத்தினா போன தண்ணிய திரும்ப உறிஞ்சி கல்லாயிடும். ஆகும்போது சூடாகும், கூடவே ஒரு துளி விரியும். அந்த விரிவுதான் மேஜிக், சுருங்கறதுக்குப் பதிலா விரியறதால அச்சோட மூலை முடுக்கெல்லாம் போய் அழுத்திக்கும், மூலச் சிலைல உளி பட்ட கீறல் இருந்தா அதுகூட வந்திடும். அதனாலதான் இதை நகல்னு சொல்லும்போது எனக்கு ஒத்துக்க முடியல. ஒருத்தர் பாத்து பாத்து செஞ்ச நகல் வேற. இது மூலத்தை அச்சு தொட்டு, அச்சை இது தொட்டு வந்தது, கைரேகை மாதிரி.

அண்ணன் இன்னொண்ணும் காமிச்சாரு. தோள், தலை மேல் பக்கம், நீட்டின கை மேல எல்லாம் சாம்பல் கறுப்பா இருக்கு, அதே கைக்கு அடிப்பக்கம் வெள்ளையா இருக்கு. பிளாஸ்டர் நுண்துளை நிறைஞ்சது, லண்டன் கரிப்புகைய அத்தனை வருஷமும் குடிச்சிருக்கு, தண்ணி விட்டுக் கழுவவும் முடியாது, கழுவினா மேல்தோலே கரைஞ்சு போயிடும்.

சரி, அந்த ரெண்டு பேர் கதைக்கு வரேன்.

முதல் ஆள் பேரு ஸ்மக்ளீரியஸ். நிஜப் பேரு இல்ல, கடத்தல்காரன்ங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு லத்தீன் வால் ஒட்டி கிண்டலா வெச்ச பேரு. அகாடமியோட முதல் அனாடமி ப்ரொஃபசர் வில்லியம் ஹன்டர், டாக்டர். 1776ல டைபர்ன்ல தூக்குல போட்ட ஒருத்தனோட உடம்பு அவர் கைக்கு வந்துச்சு, நல்ல முறுக்கேறின உடம்பு, இதை வெட்டி வீணாக்கக் கூடாதுன்னு அவருக்குத் தோணியிருக்கு. உடம்பு விறைக்கிறதுக்குள்ள "டையிங் கால்" (கால்ங்கிறது இங்க ஒரு பழைய ஐரோப்பிய இனத்துக்காரன், நம்ம கால் இல்ல) சிலை மாதிரி, அதாவது அடிபட்டு கைய ஊணி தரைல சாஞ்சு உக்காந்திருக்கிற பழைய சிலையோட போஸ்ல அவனை உக்கார வெச்சு, தோலை உரிச்சு, அகஸ்டினோ கார்லினிங்கிற சிற்பிய வெச்சு வார்ப்பு எடுத்துட்டாங்க. அன்னிக்கு எடுத்த வார்ப்பு இப்ப இல்ல, அதைப் பாத்து 1834ல வில்லியம் பிங்க் செஞ்சதுதான் அகாடமில இருக்கு. எடின்பரோ காலேஜ் ஆஃப் ஆர்ட்லயும் ஒண்ணு இருக்கு, அவன் கடத்தல்காரனே இல்ல, வழிப்பறிக் கேஸ்ல தூக்குல போட்டவனா இருக்கலாம்னு அங்க ஆராய்ச்சி பண்ணவங்க சொல்லியிருக்காங்க. தப்பான பேரோட இருநூத்தி அம்பது வருஷமா உக்காந்திருக்கான் பாவம்.

ரெண்டாவது ஆள் ஜேம்ஸ் லெக். இவரு பேரு, ஊரு, குத்தம் எல்லாம் தெரியும். செல்சீல ரிட்டயர்டு சோல்ஜர்களுக்கான ராயல் ஹாஸ்பிடல்ல இருந்தவரு, எழுபது வயசு தாண்டின மனுஷன், 1801ல கூட இருந்த லேம்ங்கிற இன்னொரு பென்ஷன்காரரைச் சுட்டுட்டாரு, நவம்பர்ல தூக்கு. அதே நேரம் அகாடமில மூணு பேருக்கு ரொம்ப நாளா ஒரு வாதம், தலைவர் பெஞ்சமின் வெஸ்ட், சிற்பி தாமஸ் பேங்க்ஸ், ஓவியர் ரிச்சர்ட் காஸ்வே. ஏசுவ சிலுவைல வரைஞ்ச படங்கள் எல்லாம் உடம்புக் கணக்குப்படி தப்பு, நிஜமா தொங்கின உடம்பு அப்படி இருக்காதுன்னு. அப்ப சட்டப்படி கொலைகாரங்க உடம்பு புதைக்கப் போகாது, டாக்டர்கள் அறுத்துப் படிக்கிறதுக்குத்தான் போகும். இவங்க கார்ப்யூங்கிற சர்ஜனைப் பிடிச்சாங்க. தூக்குல இருந்து இறக்கின உடம்பை சூடு ஆறுறதுக்கு முன்னாடியே ஒரு சிலுவைல ஆணி அடிச்சு, நிமித்தி தொங்க விட்டாங்க. எப்படித் தொங்கணுமோ அப்படித் தொங்கி ஆறின அப்புறம் ஒரு வார்ப்பு. பின்னாடி கார்ப்யூ தோலை உரிச்சு எடுக்க, பேங்க்ஸ் இன்னொரு வார்ப்பு எடுத்தாரு. முதல் வார்ப்பு தொலைஞ்சு போச்சு, தோலில்லாததுதான் இருக்கு.

கிட்டப் போய் பாத்தா கை ரெண்டும் பாரத்துல இழுபட்டு, தலை தொங்கி, நெஞ்சுக்கூட்டுல ஒவ்வொரு சதையும் கயிறு கயிறா தனித்தனியா தெரியுது. சர்ச் சிலுவைல பாக்கிற அழகு, சாந்தம் எதுவும் கிடையாது. பிளாஸ்டர் உறையும்போது சூடாகும்னு மேல சொன்னேன்ல, ஆறட்டும்னு காத்திருந்து எடுத்த உடம்பு அந்தக் கொஞ்ச நேரம் மறுபடி வெதுவெதுன்னு ஆகியிருக்கும். அந்த யோசனை வந்ததுக்கு அப்புறம் எனக்கு அங்க நிக்கப் பிடிக்கல. அண்ணன் மட்டும் விலா எலும்பு எண்ணிட்டு நின்னாரு, "நாங்க காலேஜ்ல புஸ்தகத்தைப் பாத்துத்தான் தசை படிச்சோம், இப்படி ஒண்ணு இருந்திருந்தா"ன்னு இழுத்தாரு, நான் பதில் சொல்லல.

அப்பல்லோவைத் தொட்டு எடுத்த பிளாஸ்டரையும் லெக்கைத் தொட்டு எடுத்த பிளாஸ்டரையும் ஒரே ஸ்கூல்ல, ஒரே வேலைக்கு, சமமா வெச்சிருந்தாங்கங்கிறதுதான் எனக்கு உறைச்ச விஷயம். ஒண்ணு கல்லு, ஒண்ணு மனுஷன். வரையற பையனுக்கு ரெண்டும் ஷேடிங் போட வேண்டிய வெள்ளை உருவம். லெக்கோட சம்மதத்தை யாரும் கேக்கல, ஸ்மக்ளீரியஸுக்கு பேருகூட மிஞ்சல. இதையெல்லாம் எடுத்து உள்ள பூட்டி வெக்கணும்னு நான் சொல்ல வரல, ஆனா பக்கத்துல ஒட்டியிருக்கிற லேபிள்ல சிற்பி பேரு மாதிரியே அந்த மனுஷனோட கதையும் நாலு வரி பெருசா இருக்கணும்.

மனசு லேசாக அயர்லாந்து கார்க் கதை. நெப்போலியன் வாட்டிகன்ல இருந்து பாரிஸுக்குத் தூக்கிட்டுப் போன சிலைங்க 1815ல அவர் தோத்த அப்புறம் ரோமுக்கு திரும்பி வந்துச்சு, பிரிட்டன் உதவி பண்ணுச்சு. அதுக்கு நன்றியா போப் ஏழாம் பயஸ், சிற்பி கனோவா மேற்பார்வைல வாட்டிகன் சிலைங்களுக்கு வார்ப்பு எடுக்கச் சொல்லி இங்கிலாந்து இளவரசருக்கு அனுப்பினாரு. இளவரசருக்கு அதை வெச்சு என்ன பண்றதுன்னு தெரியல. கல்யாணத்துக்கு வந்த பதினாலாவது சுவர்க்கடிகாரத்தை என்ன பண்ணுவோமோ அதேதான், 1818ல கார்க் ஊருக்குத் தள்ளி விட்டுட்டாரு. ஆனா அந்த ஊர் பசங்க விடல. ஜான் ஹோகன், டேனியல் மக்லீஸ் ரெண்டு பேரும் அந்த வார்ப்புங்க முன்னாடி உக்காந்து வரைஞ்சு பழகினவங்க, ஒருத்தர் அயர்லாந்தோட பெரிய சிற்பி ஆனாரு, இன்னொருத்தர் லண்டன் பார்லிமென்ட்ல சுவரோவியம் வரையற அளவுக்குப் போனாரு. அப்புறம் அதுங்க அங்க ஆர்ட் ஸ்கூல் சொத்தா இருந்து, இப்ப க்ராஃபோர்ட் ஆர்ட் கேலரில இருக்கு.

இருபதாம் நூற்றாண்டு வந்ததும் உலகம் முழுக்க ஆர்ட் ஸ்கூலுங்களுக்கு இதுங்க வேண்டாதவங்க ஆயிட்டாங்க. மாடர்ன் ஆர்ட் வந்துடுச்சு, அப்பல்லோவை வரையறது பழம்பஞ்சாங்கம், இடத்தையும் அடைக்குது. சில ஸ்கூல்ல சுத்தியலாலயே உடைச்சிருக்காங்க. பாரிஸ் எகோல் தெ போஸார்ல 1968 கலவரத்துல வார்ப்புங்க அடி வாங்கினதுக்கு அப்புறம் வெர்சாய்ல இருக்கிற பழைய குதிரை லாயத்துக்கு மாத்திட்டாங்க.

நம்ம பக்கம் இது அதுக்கு முன்னாடியே நடந்துச்சு, அதுல மெட்ராஸ் லிங்க் ஒண்ணு இருக்கு. இ.பி.ஹேவல் 1884ல மெட்ராஸ் ஆர்ட் ஸ்கூலுக்கு, அதாவது இன்னிக்கு எழும்பூர் கவின்கலைக் கல்லூரிக்கு சூப்பிரண்டண்டா வந்தவரு, 1896ல கல்கத்தா ஸ்கூலுக்குப் போனாரு. இந்தியப் பசங்க எதுக்குடா கிரேக்கச் சிலைய காப்பி அடிக்கணும்னு அந்தப் பாடத்தையெல்லாம் ஓரங்கட்டினாரு, முகலாய ஓவியங்களைக் கொண்டு வந்து வெச்சாரு. நம்ம நினைப்போம், பசங்க கொண்டாடியிருப்பாங்கன்னு. இல்ல, ஸ்ட்ரைக்! எங்களுக்கு ஐரோப்பியப் படிப்பு வேணும், இவர் எங்களை மட்டமாக்கப் பாக்கிறாருன்னு ஒரு கோஷ்டி வெளியேறி 1897ல ஜூபிலி ஆர்ட் அகாடமின்னு தனி ஸ்கூலே ஆரம்பிச்சிட்டாங்க. ஹேவல் சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா வெள்ளைக்காரன் வந்து உனக்கு இது வேண்டாம்பான்னு சொன்னா கோவம் வரத்தானே செய்யும், எனக்கு அந்தப் பசங்க பக்கமும் கொஞ்சம் சாய்வு உண்டு.

உடைச்சவங்க ஒண்ணை யோசிக்கல. மூலம் அப்படியே இருக்கும், நகல் போனா என்னன்னு நினைச்சாங்க. ஏதென்ஸ்ல இருக்கிற பழைய பார்த்தினான் கோயில் மேற்குப் பக்கத்து சிற்ப வரிசைய பாருங்க. பிரிட்டிஷ்காரர் எல்ஜின் பிரபுவோட ஆளுங்க மத்த பக்கத்துல பெயர்த்து எடுத்த மாதிரி அங்க எடுக்கல, பெரும்பாலும் 1800கள் ஆரம்பத்துல வார்ப்பு மட்டும் எடுத்துட்டுப் போனாங்க. மூலம் 1993 வரைக்கும் கோயில் மேலயே ஏதென்ஸ் புகைலயும் மழைலயும் கிடந்து அரிச்சுப் போச்சு. இப்ப குதிரைக்காரன் முகம் எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்னா பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கிற அந்தப் பழைய பிளாஸ்டரைத்தான் கேக்கணும், கல்லுக்கே மறந்து போச்சு.

லண்டன்ல இருக்கிறவங்க க்ரீன் பார்க் ஸ்டேஷன்ல இறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தா ராயல் அகாடமி, கலெக்ஷன் பாக்க டிக்கெட் கிடையாது. லெக் எப்பவும் வெளிய வெச்சிருக்க மாட்டாங்க, அவரைப் பாக்கணும்னே போறவங்க முன்னாடியே கேட்டுட்டுப் போங்க, சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போறவங்க அவரை விட்டுட்டு ஹெர்குலிஸ் கிட்ட போங்க. கார்க் போறதா இருந்தா அங்க கேலரில விரிவாக்க வேலை நடக்குது, திறந்திருக்கான்னு பாத்துட்டு பஸ் ஏறுங்க. எங்க போனாலும் சிலைக்குப் பின்பக்கம் போய் கெண்டைக்காலைப் பாருங்க, செக்யூரிட்டி முறைச்சா சிரிச்சிடுங்க.